புதிய குரலும் பழகிய செவியும்

பக்தி மணம் கமழும் இல்லங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு குரல் குடியிருக்கிறது. வைகறையில் சுப்ரபாதமாகவும், ஏகாதசியன்று சகஸ்ரநாமமாகவும் ஒலிக்கும் அந்தக் குரல், பல வீடுகளில் ஐம்பது ஆண்டுகளாக மாறவே இல்லை. இசைத்தட்டு போய் ஒலிநாடா வந்தது. ஒலிநாடா போய்க் குறுந்தகடு வந்தது. இன்று பேரப்பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த கைப்பேசியிலேயே எல்லாம் அடங்கிவிட்டது. கருவிகள் மாறினவே தவிர, குரல் மாறவில்லை. பாடுபவர் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பெயர் ஒன்றே: எம்.எஸ். சுப்புலட்சுமி.

இந்தப் பற்று போற்றத்தக்கது. ஆயினும் இதனால் நேரும் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். நவராத்திரி, பங்குனி உத்திரம், இராமநவமி போன்ற நாட்களில் ஆலய மண்டபங்களில் இளம்பெண்கள் பலர் பாட வருகின்றனர். பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் குருவிடம் பயின்று, பட்டுச்சேலை உடுத்தி, பெற்றோர் துணையோடு வெகுதொலைவிலிருந்து வந்து மேடையேறுகின்றனர். முன்வரிசை நாற்காலிகளோ காலியாகக் கிடக்கின்றன. அவற்றில் அமரவேண்டிய பெரியவர்கள், “எம்.எஸ். பாடிய பிறகு இனி யார் பாடி என்ன?” என்று வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர்.

எம்.எஸ். அவர்களின் வாழ்க்கையையே சற்று நிதானமாகத் திரும்பிப் பார்த்தால், இந்தக் கேள்வியை அவரே ஏற்றிருக்கமாட்டார் என்பது விளங்கும்.

ஜன்னலோரம் நின்ற சிறுமி

1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள், மீனாட்சியம்மன் அருளாட்சி புரியும் மதுரையில் பிறந்தவர் சுப்புலட்சுமி. தாயார் சண்முகவடிவு வீணை வித்வாம்சினி. பாட்டியார் அக்கம்மாள் வயலின் வாசித்தவர். அந்தச் சிறிய வீட்டில் எந்நேரமும் இசை இருந்தது. ஊருக்கு வரும் வித்வான்கள் வந்து போவார்கள். குழந்தை ஒரு மூலையில் அமர்ந்து கேட்டுக்கொண்டே இருப்பாள்.

இசைத்தட்டுப் பெட்டி அக்காலத்தில் பெரிய அதிசயம். அதன் மீது ஆசை கொண்ட அச்சிறுமி, காகிதத்தைக் குழல்போல் சுருட்டி வாயருகே வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பாடிப் பார்ப்பாளாம். இரவில் தெருவெல்லாம் அடங்கிய பிறகு, அண்டை வீட்டு வானொலியில் எங்கோ வடநாட்டு வித்வான் ஒருவர் பாடுவது மெல்லிதாக மிதந்து வரும். மொழி தெரியாது, பாடுபவர் பெயரும் தெரியாது. ஆயினும் ஜன்னலோரம் நின்று அதைக் கேட்டபடி தம்மை மறந்திருந்ததைப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

பயிற்சி செய்யும் முறையிலும் அவருக்குச் செவியே ஆசான். தம்புராவை மீட்டிப் பாடிக்கொண்டே வருவார். இடையில் மீட்டுவதை நிறுத்திவிட்டுப் பாடுவார். சற்று நேரம் கழித்து மறுபடியும் தந்தியைத் தொட்டு, குரல் சுருதியிலேயே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வார். யாரும் அருகில் நின்று திருத்தாமல், தம் செவியாலேயே தம் குரலைச் செம்மை செய்த பயிற்சி அது. கேட்டவர் உள்ளமெல்லாம் உருகிய சுருதி சுத்தத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

முதன்முதலில் அவர் மேடையேறியதும் எதிர்பாராமல் நிகழ்ந்ததே. மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தாயாரின் கச்சேரி. வெளியே மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை யாரோ தூக்கி வந்து, கைகால் புழுதியைத் தட்டி, மேடையில் உட்கார வைத்தனர். தாயார் சொன்னபடி இரண்டொரு பாடல்களைப் பாடிவிட்டு, விட்ட இடத்திலிருந்து விளையாட்டைத் தொடரும் அவசரத்தோடு குழந்தை எழுந்து போய்விட்டாள். 1926-இல், பத்தாம் வயதில், முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

அந்தத் தட்டை வாங்கிப் பெட்டியில் வைத்து ஊசியைப் பொருத்தியவர்களுக்கு அது முற்றிலும் புதிய குரல். அவர்களும் அதற்கு முன் வேறு யாரோ ஒருவர் குரலில் ஆழ்ந்திருந்தவர்கள்தாம். அவர்களுள் சிலர் அன்று புதிய குரலுக்கு இடம் கொடுத்ததால்தான் இன்று வீடுதோறும் அக்குரல் ஒலிக்கிறது.

தட்டில் கேட்டவர் நேரில் கண்டபோது

குரல் முதலில் வந்தது, முகம் பின்னால் வந்தது. அந்நாளைய இரசிகர் பலருக்கும் வாய்த்த அனுபவம் இது. இசைத்தட்டில் கேட்டனர், பின்னர் வானொலியில் கேட்டனர். 1938-இல் ‘சேவாசதனம்’, 1940-இல் ‘சகுந்தலை’, 1941-இல் ‘சாவித்திரி’ ஆகிய திரைப்படங்களில் கண்டனர். 1945-இல் தமிழில் ‘மீரா’ வந்தது. 1947-இல் அதே படம் இந்தியில் வெளிவந்தபோது, கவியரசி சரோஜினி நாயுடு முன்னுரை கூறி வடநாட்டாருக்கு எம்.எஸ்.ஸை அறிமுகப்படுத்தினார். தென்னாட்டுப் பெண்மணி ஒருவரின் வாயிலாக வடநாடு தன் மீராவைக் கண்டுகொண்டது.

அந்த ஆண்டிலேயே நிகழ்ந்த மற்றொரு செய்தியும் உண்டு. மீராவின் குறிப்பிட்ட ஒரு பஜனை எம்.எஸ். குரலில் வேண்டுமென்று காந்தியடிகள் விரும்பினார். அந்தப் பாடல் தமக்குப் பழக்கமில்லை, வேறொருவர் பாடினால் நன்றாக இருக்கும் என்று பணிவோடு பதில் அனுப்பப்பட்டது. பிறர் பாடுவதைக் காட்டிலும், எம்.எஸ். அந்தச் சொற்களை வெறுமனே வாசித்தாலும் போதும் என்று காந்தியடிகளிடமிருந்து செய்தி வந்தது. உடனே பாடலைக் கற்று, இரவோடு இரவாகப் பதிவு செய்து, விமானத்தில் தில்லிக்கு அனுப்பினர். அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள், அவருடைய பிறந்தநாளுக்கு அது சென்று சேர்ந்தது. சில மாதங்களில், 1948 ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த செய்தியைத் தொடர்ந்து வானொலி அதே பாடலை ஒலிபரப்பியது. அதைக் கேட்ட எம்.எஸ். மயங்கி விழுந்தார் என்பர்.

தட்டிலும் திரையிலும் அறிந்த குரலை நேரில் கேட்கக் கச்சேரிக்குச் சென்றவர்கள் அங்கே கண்டது என்ன? காஞ்சிப்பட்டு உடுத்தி, கூந்தலில் மல்லிகை சூடி, இரு மூக்குத்திகளும் ஒளிவிட வந்து அமரும் ஒரு குடும்பத் தலைவியின் தோற்றம். அவருக்காக நெய்யப்பட்ட நீலப்பட்டின் வண்ணம் பிற்காலத்தில் ‘எம்.எஸ். நீலம்’ என்றே பெயர் பெற்றது. அருகில் உடன்பாடுவதற்கு மகள் ராதா. முன்வரிசையில் கணவர் சதாசிவம். எந்தப் பாடலுக்குப் பின் எந்தப் பாடல், எதற்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர் வகுத்த முறைப்படியே நடக்கும். எம்.எஸ். மேடையில் பேசமாட்டார். பாட்டுக்கு முன் விளக்கமில்லை, பின் பெருமிதமில்லை. கண்களை மூடினால் பாடல் தொடங்கிவிடும்.

இசைத்தட்டில் தெரியாத ஒன்று அங்கே புலப்படும். தேன்போல் இனிக்கும் அந்தக் குரலுக்குப் பின்னால் எத்தனை கவனம் இருக்கிறது என்பதே அது. ஒரு சொல்லைப் பிளக்கக்கூடாத இடத்தில் பிளக்காமல் மூச்சை நிறுத்திக்கொள்வதும், சமஸ்கிருதமாயினும் தெலுங்காயினும் எழுத்தின் ஒலி பிசகாமல் உதடுகள் குவிவதும், தம்புராவின் பக்கம் செவி சற்றே சாய்வதும் கண்ணுக்குத் தெரியும். பாடலின் பொருளை அறிந்தோரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே அதை மேடைக்குக் கொண்டுவருவது அவர் வழக்கம். இயற்கையாக வாய்த்தது என்று எண்ணியிருந்த குரல், ஒவ்வொரு கணமும் உழைத்து ஈட்டப்படுகிறது என்று நேரில் கண்டவர் உணர்ந்தனர். அதன் பிறகு வீட்டில் அதே இசைத்தட்டைக் கேட்டபோது, முன்பு கேளாதவையெல்லாம் கேட்கத் தொடங்கின.

அந்தக் கச்சேரிகளில் திரண்ட பொருளும் நல்வழியிலேயே சென்றது. 1944-இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரிகள் பாடியதிலிருந்து, ஆலயத் திருப்பணி, மருத்துவமனை, கல்விக்கூடம் என அவர் பாடிக் கொடுத்த அறப்பணிகள் ஏராளம். 1974-இல் அவருக்கு மகசேசே விருது பொதுத்தொண்டுக்காகவே வழங்கப்பட்டது. 1968-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவர். 1998-இல் பாரத ரத்னா விருதும் அவரைத் தேடி வந்தது.

அறுபதைக் கடந்த மாணவி

புகழின் உச்சியில் நிற்பவர் பிறரிடம் சென்று கற்பது அரிது. எம்.எஸ். அதைத் தம் வாழ்நாள் முழுவதும் செய்தார். செம்மங்குடி சீனிவாச ஐயரிடம் கீர்த்தனைகளைக் கற்றார். வீணை தனம்மாள் குடும்பத்தின் வழிவந்த பிருந்தா அவர்களிடம் பதங்களைக் கற்றார். வடநாட்டில் பெரும்புகழ் பெற்றிருந்த காசி சித்தேசுவரி தேவியின் பாட்டில் மனம் பறிகொடுத்து, அவரைச் சென்னையில் தம் இல்லத்திலேயே தங்கச் செய்து, எதிரே அமர்ந்து பாடம் கேட்டார். நாடறிந்த பாடகி, இன்னொரு பாடகியின் முன்னால் புதிதாகச் சேர்ந்த மாணவியைப் போல் அமர்ந்திருந்தார்.

1979-1980-ஆம் ஆண்டுகளில் நடந்தது இன்னும் வியப்புக்குரியது. அப்போது எம்.எஸ்.ஸுக்கு வயது அறுபத்து மூன்று. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் முயற்சியால் ‘பாலாஜி பஞ்சரத்னமாலா’ என்ற பெயரில் ஐந்து இசைத்தட்டுகளைப் பதிவு செய்ய ஏற்பாடாயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளபாக்கம் அன்னமாசாரியார் திருவேங்கடமுடையான் மீது பாடிய தெலுங்குக் கீர்த்தனைகள் அவற்றில் இடம்பெற்றன. அவை செப்பேடுகளில் உறங்கிக் கிடந்து, இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தவை. நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்ற ஆந்திர வித்வான்கள் அவற்றுக்கு இசையமைத்திருந்தனர். எம்.எஸ். அந்தப் பாடல்களைச் சொல் சொல்லாக, பொருள் பொருளாகப் புதிதாகக் கற்றுப் பாடினார். இன்று அன்னமாசாரியார் பாடல்கள் தமிழ்நாட்டு இல்லங்களிலும் ஒலிக்கின்றன என்றால், அறுபதைக் கடந்த ஒருவர் மறுபடியும் மாணவியாக அமர்ந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

“இத்தனை காலம் பாடியது போதும், இனிப் புதிதாக எதற்கு?” என்று அவர் எண்ணியிருந்தால் தவறில்லை. ஆனால் மதுரையில் ஜன்னலோரம் நின்ற சிறுமியின் செவி அறுபத்து மூன்றிலும் அப்படியே இருந்தது.

சீகாழிக்கு வந்த யாழ்ப்பாணர்

கலையில் முதிர்ந்த ஒருவர் இளங்குரலைத் தேடிச் செல்வது தமிழ் மண்ணுக்குப் பழகிய மரபே. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அதற்கு அழகிய சான்று தருகிறார்.

திருஎருக்கத்தம்புலியூரில் தோன்றிய திருநீலகண்ட யாழ்ப்பாணர், யாழிசையில் ஒப்பற்றவர். மனைவியார் மதங்கசூளாமணியாருடன் தலந்தோறும் சென்று இறைவன் புகழை யாழில் இசைத்தவர். மதுரையில் அவருடைய இசைக்கு உவந்த சொக்கநாதப் பெருமான், தரையின் ஈரம் யாழின் கட்டைத் தளர்த்தாதபடி பொற்பலகை இடுமாறு அருளினார். திருவாரூரில் அவர் உள்ளே சென்று வழிபடத் தனி வாயிலே வகுத்தருளினார். இறைவனே பலகையிட்டுக் கேட்ட கலைஞருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்நிலையில்தான் சீகாழியில் ஒரு குழந்தை ஞானப்பால் உண்டு பாடுகிறது என்ற செய்தி அவரை எட்டியது. ‘நேற்றுப் பிறந்த குழந்தையின் பாட்டை நான் சென்று கேட்பதா?’ என்று அவர் நினைக்கவில்லை. மனைவியாருடன் சீகாழிக்குச் சென்றார். திருஞானசம்பந்தப் பிள்ளையாரின் பாடலைக் கேட்டார், அதை யாழில் இட்டு இசைத்தார். அன்று முதல் பிள்ளையாரை விட்டு அவர் பிரியவே இல்லை. கேள்வியால் அறிந்த குரலை நேரில் கேட்ட அந்த நாள், அவருடைய எஞ்சிய வாழ்நாள் முழுவதற்கும் வழியை வகுத்துவிட்டது.

பின்னொரு நாள் தருமபுரத்தில் அவருடைய சுற்றத்தார், பிள்ளையாரின் பதிகங்கள் பரவுவதற்கு யாழ்ப்பாணரின் யாழே காரணம் என்று பெருமை பேசினர். அதைக் கேட்ட யாழ்ப்பாணர் நடுங்கிப்போய், யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருளுமாறு தாமே பிள்ளையாரிடம் வேண்டினார். பிள்ளையார் பாடினார். யாழ்ப்பாணரின் விரல்கள் தோற்றன. யாழை உடைக்க ஓங்கியவரைப் பிள்ளையார் தடுத்து, இறைவன் புகழ் இந்தக் கருவிக்குள் அடங்குமோ என்று ஆறுதல் கூறி, இயன்றவரை வாசிக்கச் சொன்னார். கலையில் மூத்தவர் இளையவரிடம் தோற்று மகிழ்ந்த இடம் அது. நல்லூர்ப் பெருமணத்துச் சோதியில் பிள்ளையார் கலந்தபோது, உடன் கலந்த அடியார்களுள் யாழ்ப்பாணரும் மதங்கசூளாமணியாரும் இருந்தனர்.

இந்த வரலாற்றுக்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. சோழ மன்னர் காலத்தில் நம்பியாண்டார் நம்பிகளின் துணையால் தில்லையில் தேவார ஏடுகள் கண்டெடுக்கப்பட்டன. செல்லரித்தவை போக எஞ்சியவை கிடைத்தன. ஆனால் அவற்றைப் பாடும் பண்முறை தெரியவில்லை. எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் அதனை அறிவாள் என்று இறையருளால் உணர்ந்து, மன்னரும் நம்பிகளும் அவளைக் கண்டு தில்லைக்கு அழைத்து வந்தனர். அம்பலவாணன் திருமுன் அவள் பாடிக் காட்டியபடியே பண்கள் வகுக்கப்பட்டன என்று திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. அவளுடைய பெயரைக்கூட அந்நூல் சொல்லவில்லை. விருத்தாசலத்துக்கு அருகே இன்று இராசேந்திரப்பட்டினம் என்று வழங்கும் ஊரிலிருந்து வந்த, எவரும் அறியாத ஒரு குரலை அன்று சான்றோர் செவிகொடுத்துக் கேட்டனர். தேவாரம் பண்ணோடு பிழைத்தது.

மண்டபத்தில் மட்டும் கிடைப்பது

கைப்பேசியில் வேண்டும்போது வேண்டிய பாட்டு கிடைக்கும் காலத்தில், முழங்கால் வலியோடு மண்டபம் வரை நடப்பானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

பதிவான பாட்டு என்றும் ஒரே மாதிரி இருக்கும். அதில் இருமல் இல்லை, தயக்கம் இல்லை. மண்டபத்தில் நடப்பது வேறு. பாடகி வந்து அமர்ந்து, சுவாமி சந்நிதியை நோக்கிக் கைகூப்புகிறாள். சுருதி சேர்க்கிறாள். வர்ணம் முடியும்வரை குரலில் சிறு நடுக்கம் இருக்கிறது. இரண்டாம் பாடலில் அது விலகுகிறது. வயலின் வாசிக்கும் பையன் ஒரு பிடியை அழகாகத் திருப்பி வாசிக்க, அவள் முகம் மலர்கிறது. இராகத்தை அவள் மெல்ல விரிக்கும் வேளையில் உள்ளே திரை விலகித் தீபாராதனை தொடங்குகிறது. மணியும் நகராவும் முழங்க, அவள் பாட்டை நிறுத்திக் கண்மூடி இருக்கிறாள். ஓசை அடங்கியதும், விட்ட இடத்திலிருந்து அதே சுருதியில் எடுக்கிறாள். அந்த ஒரு கணத்தில் அவளுடைய பல்லாண்டுச் சாதகம் வெளிப்பட்டுவிடுகிறது. எந்த ஒலிப்பதிவிலும் இதற்கு இடமில்லை.

பாடுபவரும் கேட்பவரைப் பார்க்கிறார் என்பது இன்னொரு வேறுபாடு. முன்வரிசையில் ஒரு பெரியவர் தொடையில் தாளம் போட்டால், ஓர் அம்மையார் சரியான இடத்தில் தலையசைத்தால், அது மேடைக்குத் தெரியும். இளம் பாடகிக்கு அதுவே பாடமும் பரிசும் ஆகிறது. எண்பது வயதுச் செவிகள் நூற்றுக்கணக்கான கச்சேரிகளைக் கேட்டவை. தோடி எங்கே கனிய வேண்டும், எந்தச் சொல்லில் நெஞ்சு இளக வேண்டும் என்று அவை அறியும். அத்தகைய செவிகள் மண்டபத்தில் இல்லாவிட்டால், கைதட்டலுக்கு ஏற்றபடி பாடக் கற்றுக்கொள்வதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு வேறு வழியில்லை. பின்னர் ‘இந்தக் காலத்துப் பாட்டில் பாவம் இல்லை’ என்று குறைகூறுவதில் பொருளும் இல்லை.

சென்று கேட்பவர்கள் சிலவற்றை மனத்தில் கொள்வது நலம். முதல் பாடலை வைத்துப் பாடகியை எடைபோட வேண்டாம். குரல் சூடேறுவதற்கு அரைமணி நேரம் ஆகும். பழைய குரலோடு ஒப்பிடும் ஆசை எழுந்தால், எம்.எஸ். தம் இருபதாம் வயதில் எப்படிப் பாடியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம். அவரும் அன்று வளர்ந்துகொண்டிருந்தவர்தாம். இயன்றவரை மங்களம் வரை இருப்பது மரியாதை. முடிந்த பின் மேடையருகே சென்று, எந்தப் பாடல் எதனால் பிடித்தது என்று ஒரு சொல் சொன்னால் போதும். பொன்னாடையைவிட அது நெடுநாள் நினைவில் நிற்கும்.

நடக்க இயலாதவர்களுக்கும் வழி உண்டு. அதே கைப்பேசியில், பழகிய பாடலையே வேறொரு இளங்குரலில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். பிடித்திருந்தால் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்தப் பெண் தங்கள் ஊருக்கு எப்போது வருவாள் என்று விசாரிக்கச் சொல்லலாம். ஒருநாள் ஆட்டோவில் அழைத்துச் செல்லப் பிள்ளைகள் மறுக்கமாட்டார்கள்.

நாளைக்கும் ஒரு காத்திருப்பு

முதுமையில் பிடித்தவை யாவும் பெரும்பாலும் கழிந்த காலத்தைச் சேர்ந்தவையாகிவிடுகின்றன. பிடித்த ஆசிரியர், பிடித்த பாடகர், பிடித்த நண்பர் என எண்ணத் தொடங்கினால், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று சேர்க்க வேண்டியிருக்கிறது. எம்.எஸ். அவர்களும் 1997-இல் கணவர் மறைந்த பிறகு மேடையில் பாடவில்லை. 2004 டிசம்பர் 11-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவருடைய குரல் என்றும் இருக்கும். ஆனால் அவருடைய அடுத்த கச்சேரி என்று ஒன்று இனி இல்லை.

புதிதாகப் பிடித்துப்போன ஓர் இளம் பாடகிக்கு அது உண்டு. இந்த ஆண்டு கல்யாணியை இப்படிப் பாடினாள், அடுத்த ஆண்டு எப்படிப் பாடுவாளோ என்று எதிர்பார்க்கலாம். அந்தக் குழந்தைக்குக் குரல் நன்றாக இருக்கவேண்டும் என்று அம்பாளிடம் ஓர் அர்ச்சனையும் செய்யலாம். எழுபது, எண்பது வயதில் வருங்காலத்தை நோக்கி ஒரு சிறு ஆவல் பிறப்பது எளிதில் கிடைக்கும் வரமன்று. யாழ்ப்பாணர் முதிர்ந்த நிலையில் பெற்றதும், எம்.எஸ். அறுபத்து மூன்றில் பெற்றதும் அந்த வரமே.

உற்சவப் பத்திரிகை தபாலில் வரும்போது, பெரும்பாலோர் வாகனங்களின் வரிசையையும் தேர் வடம்பிடிக்கும் நேரத்தையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகின்றனர். ஒவ்வொரு நாளின் கீழும் சிறிய எழுத்தில் மற்றொரு வரி இருக்கும்: மாலை 6.30 மணிக்கு வாய்ப்பாட்டு. அதன் அருகே இதுவரை கேள்விப்படாத ஒரு பெண்ணின் பெயர் அச்சாகியிருக்கும். கண்ணாடியை அணிந்துகொண்டு அந்தப் பெயரை ஒருமுறை நிதானமாகப் படித்து, நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுழித்து வைப்பது நல்ல தொடக்கம்.